ஒரு பெட்டிக்கு மட்டுமே பொருந்தும் ஊசி

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம். கேட்கத் தவறிய பங்கு மக்களின் விருப்பத்திற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் கடன் கொடுப்போருக்கான சில விதிகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று திரிகையைப் பற்றியது. கடன் வாங்கியவன் வீட்டுத் திரிகையை ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதன் மேற்கல்லை மட்டும்கூட எடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. முழுத் திரிகையைச் சொன்ன பிறகு மேற்கல்லை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? கேழ்வரகு திரித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மேற்கல் கையில் தூக்கிப் போகக்கூடியது. "பாதியைத்தானே எடுத்தேன், மீதியை வீட்டிலேயே விட்டுவிட்டேனே" என்று நியாயம் பேசவும் அது வசதி. ஆனால் மேற்கல் போனபின் வீட்டில் கிடப்பது திரிகை அல்ல, வெறும் கல். எடுத்துப் போனவன் வீட்டிலும் அது வெறும் கல்தான். ஒரு திரிகைக்குக் கொத்திய கல் இன்னொரு திரிகையில் அப்படியே உட்காராது.

இந்த விதி இன்றைக்கு நமக்கு எங்கே பயன்படப்போகிறது என்று நாமும் பல தடவை இதைக் கடந்து போயிருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு பிஸ்கட் டப்பா வந்து, இந்த விதியின் முன் எங்களை உட்கார வைத்துவிட்டது. டப்பாவுக்குள் இருந்தவை பழைய ரிக்கார்டு பிளேயர்களின் கார்ட்ரிட்ஜ்கள். மறையுரையில் பேசுகிற பொருளா இது என்று சிலர் புருவம் உயர்த்தலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

அறுபது வயதை நெருங்குகிறவர்களுக்கு நினைவிருக்கும். கேசட் வருவதற்கு முன்னால் கொடியேற்றமானாலும் காதுகுத்தானாலும் ஊருக்குள் முதலில் வந்து இறங்குகிறவர் மைக் செட்காரர்தான். தட்டுப் பெட்டி, ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், லாரி பேட்டரி, இரண்டு குழாய்கள். ஜீப் ஏறாத பாதை என்றால் பொதிக்குதிரை மேல். புளியமரத்தின் உச்சிக் கிளையில் குழாயைக் கட்டிவிட்டு, தட்டை எடுத்துத் துடைத்து, ஊசியை அதன் ஓரத்தில் இறக்குவார். மலையின் எதிர்ச்சரிவில் ஏலத்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அப்போதுதான் திருவிழா தொடங்கியது தெரியும். கூம்புக் குழாய்களுக்குத் தடை வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு. எங்களுக்கும் அதில் ஓரளவு பங்குண்டு. ஆனால் ஒரு கைபேசியில் காலை முதல் இரவு வரை தானாக ஓடும் பாட்டுக்கும், ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை தட்டை மாற்றிப் போட்ட பாட்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்க முடியாது.

அப்படியொரு மைக் செட்காரரின் குடும்பம்தான் அந்த டப்பாவைக் கொண்டுவந்தது. அவர் காலமாகிவிட்டார். குழாய்களும் ஆம்ப்ளிஃபயரும் எப்போதோ கைமாறிவிட்டன. மிஞ்சியது ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள், இந்த டப்பா. மூத்த மகன் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். வீடு சிறியது, மழைக்காலத்தில் ஒழுகுகிறது, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இளைய மகனிடம், வெளியூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் விலை பேசியிருக்கிறார். டப்பாவில் அவர் கேட்பது ஐந்தை மட்டும். அந்த அம்மா இருவருக்கும் இசையவில்லை.

"சாமி, உங்க அப்பா கை பட்டதுடான்னா பெரியவன் கேக்க மாட்டேங்குறான். சின்னவன் வித்துருவோம்ங்குறான். எனக்கு இது எதுக்குன்னே தெரியாது. ஆனா குப்பையில போட மனசு வரல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

டப்பாவைத் திறந்தோம். ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. மொத்தம் பதினெட்டு.

இந்தப் பதினெட்டின் கதையைச் சொல்லுமுன், கார்ட்ரிட்ஜ் என்றால் என்ன என்று இளையோருக்குச் சொல்லிவிடுகிறோம். இசைத்தட்டில் பாட்டு ஒரு நெளிந்த பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஓர் ஊசி ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற, தீப்பெட்டியைவிடச் சிறிய கூடுதான் கார்ட்ரிட்ஜ். அது இல்லாவிட்டால் தட்டு சுழலும், மோட்டார் ஓடும், விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது.

சிக்கல் எங்கே என்றால், எல்லாக் கார்ட்ரிட்ஜும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்துவதில்லை. அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகாணி போட்டு மாட்டுகிற பொது அளவு ஒன்று உண்டு. அந்த அளவில் உள்ளதை எத்தனையோ பெட்டிகளில் மாட்டலாம். ஆனால் பல நிறுவனங்கள் தங்கள் பெட்டியின் கைக்கு மட்டுமே பொருந்தும் வடிவில் செய்தன. சிலது செருகும் வகை, சிலது கவ்வும் வகை. பிலிப்ஸ் பெட்டிகள் பலவற்றில் அப்படி. டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சென் நிறுவனத்தின் பெட்டிகளில் வேறெவர் கார்ட்ரிட்ஜும் நேராக ஏறாது. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. கையின் எடையையும் கார்ட்ரிட்ஜின் எடையையும் ஒன்றுக்கொன்று இசைவாகச் செய்தால் ஒலி நன்றாக வரும், தட்டும் குறைவாகத் தேயும். பெட்டியை விற்கிற காலம் முழுவதும் அது நல்ல ஏற்பாடுதான். உற்பத்தி நின்ற அடுத்த நாளிலிருந்துதான் வாங்கியவருக்குத் தொல்லை ஆரம்பம்.

போடிக்காரர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது, மீட்டர் கேஜ் பாதையில். 2010ஆம் ஆண்டின் கடைசியில் அகலப்பாதைக்காக அதை நிறுத்தினார்கள். மறுபடி போடி நிலையத்திற்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. நடுவில் பன்னிரண்டரை ஆண்டுகள். பழைய பெட்டிகள் கெட்டுப்போய்விட்டன என்பதால் அவை நிற்கவில்லை. சக்கரம் நன்றாகத்தான் இருந்தது, அது ஓடத் தண்டவாளம் இல்லை. நம் டப்பாவில் இருந்தவற்றில் பாதிக்கும் இதே நிலைமை.

எங்கள் பங்கில் ரேடியோ பழுது பார்த்த அனுபவம் உள்ள ஒருவரும், கல்லூரி மாணவர் இருவரும், நாங்களுமாக ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்தோம். முதலில் எது பேசுகிறது, எது பேசவில்லை என்று பார்த்தோம். கார்ட்ரிட்ஜின் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஊசிமுனையை மெல்லிய தூரிகையால் தொட்டால் ஒலிபெருக்கியில் கரகரப்பு கேட்க வேண்டும். ஆறு ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று ஒரு பக்கம் மட்டும் பேசின. ஒன்பது நன்றாகப் பேசின.

பேசாத ஆறுக்கும் என்ன ஆயிற்று என்று விசாரித்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. அவை கிரிஸ்டல் வகை. உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு என்கிற ஒருவகை உப்பின் படிகம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரோஷெல் நகர மருந்துக்காரர் ஒருவர் செய்தது. நெடுங்காலம் அதைப் பேதி மருந்தாகத்தான் கொடுத்தார்கள்! 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்த படிகங்களில் இந்த உப்பும் ஒன்று. பிறகு அது மலிவான கார்ட்ரிட்ஜ்களுக்குள் நுழைந்தது. ஆனால் உப்பு உப்புதானே. ஈரம் பட்டால் கரையும், வெயிலில் கிடந்தால் கெடும். தென்மேற்குப் பருவமழையில் வீட்டுச் சுவரே வியர்க்கிற இந்தச் சரிவில், எத்தனை துணி சுற்றி வைத்தாலும் அது எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பெரியவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். வைத்திருந்ததிலேயே அவை கரைந்துபோயின.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில், தலைவன் கொடுத்த நாணயத்தைத் துணியில் முடிந்து வைத்த பணியாளனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அவன் திருடவில்லை, செலவழிக்கவும் இல்லை, பத்திரப்படுத்தினான். நாணயமாவது துணிக்குள் நாணயமாகவே இருந்தது. நம் வீட்டு அலமாரிகளில் முடிந்து வைத்திருக்கிற பலவற்றுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது.

பிற்காலத்தில் வந்த செராமிக் வகை ஈரத்திற்கு அவ்வளவு அஞ்சாது. பேசிய ஒன்பதில் பெரும்பாலானவை அவை. அந்த ஒன்பதில் நான்கு, பொது அளவில் இரண்டு திருகாணி போட்டு மாட்டுபவை. மற்ற ஐந்தும் ஒவ்வொரு பெட்டிக்கென்றே செய்தவை. வெளியூர்க்காரர் விலை பேசிய ஐந்தும் இவைதாம்.

இனி அந்த அம்மாவின் வீட்டிலிருந்த ரிக்கார்டு பிளேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுவந்து பார்த்தோம். மோட்டார் ஓடுகிறது. தட்டு சுழல்கிறது. கையின் நுனி மொட்டையாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, பெட்டி வேண்டாம், முனை மட்டும் போதும் என்று கேட்டு, கையில் ஒரு தொகையைக் கொடுத்து, கார்ட்ரிட்ஜை மட்டும் கழற்றிப் போயிருக்கிறார். பெரியவர் அப்போது படுக்கையில். வீட்டில் பணத் தேவை. டப்பாவிலிருந்த பதினெட்டில் ஒன்றுகூட அந்தக் கைக்குப் பொருந்தவில்லை.

அன்பர்களே, அப்போதுதான் இணைச்சட்ட நூலின் அந்த மேற்கல் எங்கள் நினைவுக்கு வந்தது. வாங்கியவர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டார், கொடுத்தார், கொண்டுபோனார். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டுப் போனார். நல்ல விலை கொடுத்தாலும் மேற்கல் மேற்கல்தான்.

அப்படியானால் அந்த ஐந்தை என்ன செய்வது? உட்கார்ந்து பேசினோம். புது வகைக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி இந்தப் பிளேயரில் பொருத்திவிட்டால், பழையவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாமே என்றார் மாணவர்களில் ஒருவர். நல்ல யோசனை என்றுதான் எங்களுக்கும் பட்டது. பழுது பார்ப்பவர் தலையை ஆட்டினார். பழைய கிரிஸ்டல், செராமிக் முனைகளில் பல அரை வோல்ட்டுக்குக் குறையாமல் மின்சாரம் தருபவை. புதிய காந்த வகை தருவது சில மில்லிவோல்ட். இந்த ஆம்ப்ளிஃபயருக்கு அது காதிலேயே விழாது. நடுவில் இன்னொரு கருவி வேண்டும். கையின் எடையும் ஒத்துவராது. பழையது ஐந்தாறு கிராமுக்கு மேல் அழுத்தி ஓடியது, புதியது ஒன்றரை, இரண்டு கிராமில் ஓட வேண்டியது. "மாட்டலாம் சாமி, ஆனா கையை அறுத்து, உள்ள வயரை மாத்தி, வேற பெட்டியாத்தான் அது இருக்கும்" என்றார். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் சொன்னது, மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது நோன்பைப் பற்றிய பேச்சு. ரிக்கார்டு பிளேயருக்காகச் சொன்னதல்ல. என்றாலும் தையல் தெரிந்தவர் வீட்டில் வளர்ந்தவரின் சொல் அது என்று அன்று எங்களுக்குத் தோன்றியது.

கடைசியில் நாங்கள் கண்ட வழி மிகச் சாதாரணமானது. பொது அளவில் உள்ள நான்கும் யாருக்கு வேண்டுமானாலும் உதவும். ஆகவே அவற்றை விற்றுப் பணத்தை அந்த அம்மாவிடம் கொடுப்பது. ஒரு பெட்டிக்கு மட்டுமே பொருந்தும் ஐந்துக்கும் எங்கோ ஓர் இடம் இருக்கிறது. மொட்டைக் கையோடு நிற்கிற ஒரு பெட்டி எங்கோ இருக்கிறது. முதலில் அந்தப் பெட்டியைத் தேடுவது. அது கிடைக்காத பட்சத்தில்தான் சேகரிப்பவருக்கு விற்பது. இளைய மகன் முதலில் முகம் சுளித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கைக்கு வந்த விலையை விட்டுவிட்டு, யார் என்றே தெரியாத ஒருவரைத் தேடு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

திருப்பலி முடிவில் அறிவிப்பு வாசித்தோம். பக்கத்துப் பங்குகளிலும் வாசிக்கச் சொன்னோம். போடியில் டீக்கடைச் சுவரிலும், ஜீப் நிற்கிற இடத்திலும், பழைய மைக் செட்காரர்கள் கூடுகிற இடங்களிலும் ஐந்தின் படத்தையும் ஒட்டினோம். மூன்று வாரம் யாரும் வரவில்லை. நான்காம் வாரம் தேவாரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி, மூடிக்குள் ஸ்பீக்கர் வைத்த சூட்கேஸ் போன்றது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊசி உடைந்து பத்தாண்டாக மூலையில் கிடந்ததாம். ஒன்று பொருந்தியது. பிறகு இன்னொரு வீடு. அதன்பின் சின்னமனூர்ப் பக்கம் மைக் செட் நடத்திய ஒரு பெரியவர். மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் நம்மவரோடு போட்டிக்கு குழாய் கட்டியவராம். அவரிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றுக்கு நம் ஐந்தில் ஒன்று பொருந்தியது. மற்றொன்று மோட்டார் எரிந்த பெட்டி, அதே நிறுவனம், அதே வகை. அதன் கையில் கார்ட்ரிட்ஜ் நன்றாக இருந்தது. அது நம் அம்மாவின் பிளேயருக்கு அப்படியே உட்கார்ந்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப்போச்சுங்க. அவரு இருந்தா இதுக்கும் ஒரு சண்டை போட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு, பணம் எதுவும் வாங்காமல் போனார்.

அன்று மாலை தட்டைப் போட்டோம். குரல் மெலிந்திருந்தது, அடியில் ஓர் இரைச்சல், நடுவே நாலைந்து இடத்தில் டக் டக் என்று வெட்டு. அந்த அம்மா ஒரு பக்கத்தை முழுவதும் கேட்டார். மறுபக்கம் போடட்டுமா என்று மாணவர் கேட்டதற்கு, "போதும்யா, எடுத்துரு, தேஞ்சிரும்" என்றார். ஒரு மைக் செட்காரரின் மனைவியிடமிருந்துதான் அந்தச் சொல் வரும்.

தேய்வதைப் பற்றி அவர் சொன்னது சரி. இதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊசி கிடைத்த மகிழ்ச்சியில் தட்டைக் கெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. நீலக்கல் முனையின் ஆயுள் சுமார் ஐம்பது மணி நேரம். வைர முனை என்றால் ஐந்நூறு முதல் ஆயிரம் மணி வரை. தேய்ந்த முனை வெறுங்கண்ணுக்குப் புதிது போலவே தெரியும். ஆனால் அது உளி போலப் பள்ளத்தைச் செதுக்கிவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. தட்டின் பள்ளம் அதைவிட மிகக் குறுகியது. பல பழைய கார்ட்ரிட்ஜ்களில் ஒரு பக்கம் 78க்கும் மறுபக்கம் எல்.பி.க்கும் என்று திருப்பிக்கொள்ள இரட்டை முனை இருக்கும். எது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இறக்க வேண்டாம். 78 தட்டுகள் அரக்கால் ஆனவை, நம் நாட்டுக் காடுகளில் பூச்சி சுரக்கிற அதே அரக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீர், நடுச்சீட்டு நனையாமல், நிழலில் காய வைப்பது, அது போதும். நல்ல முனை ஒன்று கிடைத்தால் முதலில் தட்டுகளை ஒரு முறை ஓட விட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். அந்த அம்மாவின் வீட்டுத் தட்டுகளை எங்கள் மாணவர்கள் இப்போது அப்படித்தான் பதிந்துவருகிறார்கள், ஞாயிறு மாலைக்குப் பத்துத் தட்டு.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் அந்த நான்கையும் விற்றபோது, எது நன்றாகப் பேசுகிறது, எதன் முனை தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தே விற்றோம். விலை சற்றுக் குறைந்தது. ஏலக்காய் ஏலத்தில் மாதிரிக் காயைப் பார்த்துத்தான் விலை கூறுகிறார்கள். மாதிரியில் எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காயை வைத்து மூட்டையில் வேறு காயை நிரப்பினால் என்ன பெயர் கிடைக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊசிமுனையில் மட்டும் அந்த நியாயம் மாறிவிடுமா?

ஒரு பக்கம் மட்டும் பேசிய மூன்றையும் கழித்துவிடவில்லை. பழைய தட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டீரியோவுக்கு முந்தியவை. அவற்றுக்கு ஒரு பக்கம் போதும். பேசாத ஆறில் நான்கின் முனைகளும், கவ்விகளும், பிடிகளும் நன்றாக இருந்ததால் பழுது பார்ப்பவர் எடுத்துக்கொண்டார். ஜப்பானில் 1873இல் தையல் ஊசி செய்யத் தொடங்கிய ஜிகோ என்ற நிறுவனம், மூல நிறுவனங்கள் கைவிட்ட எத்தனையோ வகை ஊசிகளை இன்றும் செய்து தருகிறது. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்தியபோது, அதை வைத்திருந்தவர்களுக்குக் கை கொடுத்தவர்களும் இத்தகையோர்தான். உள்ளே இருப்பது செத்தாலும் வெளிக்கூடு இருந்தால் திரும்பக் கட்டித் தருகிற கைவினைஞர்கள் உலகில் இருக்கிறார்கள். ஆகவே செத்தது என்று தெரிந்தாலும் உடனே நசுக்கிவிட வேண்டாம்.

எதற்கும் உதவாத மீதி இரண்டும் மின்கழிவாகப் போயின. குப்பையோடு எரிக்கவில்லை, ஓடையிலும் வீசவில்லை. செராமிக் வகைகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது, அளவு சிறிதுதான். ஆனால் குரங்கணியில் ஓடுகிற கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரைத்தான் போடி குடிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' திருமடலில் வீசியெறியும் பண்பாட்டைப் பற்றி வருந்தினார். மேலே இருக்கிறவர் வீசுவது கீழே இருக்கிறவர் வீட்டுக் குடத்திற்கு வருகிறது என்பது மலையடிவாரத்தில் திருமடல் படிக்காமலே தெரிகிற செய்தி.

ஐந்தில் மூன்றுக்குப் பெட்டி கிடைத்துவிட்டது. தவணை முடிந்தும் இளைய மகன் மற்ற இரண்டையும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒன்று பக்கவாட்டில் செருகும் வகை, சாம்பல் நிறம். மற்றொன்று மேலிருந்து கவ்வும் வகை, ஓரத்தில் முனையைத் திருப்புகிற சிறிய பிடி இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, பக்கத்து எஸ்டேட் லயத்திலோ முனை இல்லாத பழைய பிளேயர் இருந்தால் பங்கு அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். பெட்டி முழுவதும் தூக்கி வர வேண்டியதில்லை. கையின் நுனியைப் பக்கவாட்டிலும் அடியிலுமாக இரண்டு படம் எடுத்து வந்தாலே பொருந்துமா என்று சொல்லிவிடலாம். பொருந்தினால் என்ன கொடுப்பது என்பதை அந்த அம்மாவிடமே பேசிக்கொள்ளலாம். மலையிலிருந்து வருகிறவர்கள் கடைசி ஜீப் முந்தலைத் தாண்டுமுன் திரும்ப வேண்டியிருப்பதால், சனிக்கிழமைகளில் மதியமே வந்துவிடுவது நல்லது.